வேறு துறை லேப் கதவைத் தட்டும் முன்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மின்னியல் படித்துவிட்டு, மருத்துவக் கருவிகள் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள் நான். பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆராய்ச்சியிலும் சேர வேண்டும் என்று வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. படிக்கட்டில் ஒருத்தருக்கு, லிஃப்டில் ஒருத்தருக்கு, ராத்திரி பதினொரு மணிக்கு மெயிலில் ஒருத்தருக்கு என்று சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

“பல்துறை ஆராய்ச்சின்னா என்ன மேடம்? ரெண்டு டிபார்ட்மென்ட் பேரைச் சேர்த்துப் போட்டுட்டா ஆச்சா?”

பல போஸ்டர்களில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு துறைக்காரர் சென்சார் செய்து கொடுப்பார், இன்னொருவர் அதை வாங்கிப் போய் அளப்பார், கடைசியில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அது கூட்டு வேலை, அதில் தப்பில்லை. ஆனால் ஒரு துறைக்காரருக்குத் தெரிந்த விஷயம் இன்னொரு துறையின் கேள்வியையே மாற்றிவிடும்போதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வருகிறது.

விரல் நுனியில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படையைக் கண்டுபிடித்த தகுவோ அவோயாகி, ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் இருந்த மின்னியல் பொறியாளர். 1970களின் தொடக்கத்தில் அவர் அளக்கப் பார்த்தது வேறு ஒன்றை: இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை. ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் நீர்த்துப்போவதைப் பதிவு செய்வது அவருடைய முறை. நாடித் துடிப்பு அந்தப் பதிவை அலைக்கழித்துக்கொண்டே இருந்தது. இரண்டு அலைநீளங்களை வைத்து அந்தத் துடிப்பைக் கழித்துவிடப் பார்த்தார். ஆக்சிஜன் அளவு மாறும்போதெல்லாம் கழித்தல் சரியாக வரவில்லை. அப்போதுதான், இரைச்சல் என்று ஒதுக்கப் பார்த்த துடிப்பிலேயே தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒளிந்திருப்பது அவருக்குப் பிடிபட்டது. 1974இல் அதை மாநாட்டில் வெளியிட்டார். சிக்னலில் இருந்து இரைச்சலைக் கழிக்கத் தெரியாதவருக்கு இது கிடைத்திருக்காது. அந்தத் துடிப்பு தமனி ரத்தத்தினுடையது என்று தெரியாதவருக்கும் கிடைத்திருக்காது.

“நான் மெக்கானிக்கல். பயாலஜி ஸ்கூலோட விட்டாச்சு. பயோ லேப்ல எனக்கு என்ன வேலை?”

உங்களைக் கூப்பிடுவதே நீங்கள் மெக்கானிக்கல் என்பதால்தான். அங்கே பயாலஜி தெரிந்தவர்கள் ஏற்கெனவே பத்துப் பேர் இருப்பார்கள். செல் வளரும் தட்டை அசையாமல் பிடிக்க ஒரு தாங்கி, நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் மட்டும் தள்ளும் பம்ப், 37 டிகிரியை விட்டு நகராத ஒரு பெட்டி, இதையெல்லாம் செய்யத்தான் ஆள் இருக்காது. டேப் ஒட்டி, ரப்பர் பேண்டு மாட்டி ஒப்பேற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மூன்றாவது செமஸ்டரில் படித்த வெப்பக் கடத்தல் அந்த அறையில் அரிய சரக்கு.

பயம் இருந்தால் ஃபிரான்சஸ் அர்னால்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1979இல் பிரின்ஸ்டனில் அவர் வாங்கிய பட்டம் இயந்திரவியல் மற்றும் விண்வெளிப் பொறியியலில். முதலில் சூரிய ஆற்றல் பக்கம் வேலை செய்தார், பிறகு வேதிப் பொறியியலில் பிஎச்டி. என்சைம்களைப் பரிணாம முறையில் மாற்றியமைக்கும் வழிக்காக 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது. எல்லாருக்கும் நோபல் வரும் என்று சொல்லவில்லை. பள்ளியில் எதை விட்டீர்கள் என்பதை வைத்து உங்களை யாரும் எடைபோட மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

“நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். எல்லா லேபும் என்னைக் கோட் அடிக்கத்தானே கூப்பிடறாங்க?”

ஆமாம், முதலில் அதற்குத்தான் கூப்பிடுவார்கள். போங்கள். ஆனால் கொடுக்கும் எக்செல் ஷீட்டை வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டால் கடைசி வரை கோட் அடிப்பவராகவே இருப்பீர்கள். அந்த எண்கள் எந்தக் கருவியில், யார் கையில், எப்படிப் பிறக்கின்றன என்று ஒரு நாள் நின்று பாருங்கள். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக 2024இன் வேதியியல் நோபலில் பங்கு பெற்ற டெமிஸ் ஹசாபிஸ் பட்டம் வாங்கியது கம்ப்யூட்டர் சயின்ஸில்தான். அந்த வேலைக்கு, உயிரியலாளர்கள் பல பத்தாண்டுகள் சோதனை செய்து பொதுவில் சேர்த்து வைத்த புரத வடிவங்கள் தேவைப்பட்டன. டேட்டா எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதன் மேல் எதையும் கட்ட முடியாது.

“முதல் வருஷத்துலயே கேட்டா சிரிப்பாங்களா?”

சிரிக்க மாட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் மார்கரெட் மக்விகார் 1969இல் தொடங்கிய யூராப் திட்டம், இளநிலை மாணவர்களை நேரடியாகப் பேராசிரியர்களின் ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு அந்த மாதிரி ஏற்பாடு உலகெங்கும் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவிவிட்டது. முதல் வருட மாணவரிடம் திறமையை எதிர்பார்ப்பவர் யாருமில்லை, நேரத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். என் அனுபவத்தில் மிகச் சரியான நேரம் இரண்டாம் வருடத்தின் நடுப்பகுதி. கொஞ்சம் பாடம் ஏறியிருக்கும், இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருக்கும். கடைசி செமஸ்டரில் வந்து “சீக்கிரம் ஒரு பேப்பர் போடணும்” என்பவருக்குத்தான் நான் பதில் சொல்லத் திணறுவேன்.

“லேப்ல இடம் இருக்குன்னு எங்கேயும் போடறதே இல்லையே. எப்படித் தெரிஞ்சுக்கறது?”

போட மாட்டார்கள். இடம் இருப்பதே பல பேராசிரியர்களுக்குத் தெரியாது. சரியான ஆள் எதிரே வந்து நின்ற பிறகுதான் இடம் உண்டாகும். அதனால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் கட்டுரைகளைப் பாருங்கள். உங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் கடந்த இரண்டு வருடத்தில் எழுதியவற்றில், ஆசிரியர் பட்டியலில் இரண்டு துறைகளின் முகவரி இருப்பவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் வரும் நன்றியுரையையும் விடாதீர்கள். யார் பணம் கொடுத்தார்கள், எந்த லேபின் கருவி, எந்த மாணவர் உதவினார், எல்லாம் அங்கே இருக்கும். அந்த மாணவர்தான் உங்களுக்குக் கதவு. பிஎச்டி படிக்கும் ஓர் அண்ணனையோ அக்காவையோ பிடித்துப் பத்து நிமிடம் பேசினால், இணையதளம் மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிடுவார்கள்.

வேறு துறையின் செமினாருக்குப் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். யாரும் அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். பொதுக் கருவிக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துறை என்ன செய்கிறது என்று முழுசாகத் தெரிந்தவர் கல்லூரியிலேயே அவராகத்தான் இருப்பார்.

தனி லேப் சரிப்படாது என்றால் குழுத் திட்டங்கள் இருக்கின்றன. பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய எபிக்ஸ், பல துறை மாணவர்களை ஒரு குழுவாக்கிச் சமூக அமைப்புகளின் தேவைக்குப் பொறியியல் வேலை செய்ய வைக்கிறது. அதே பாணியை வேறு பல கல்லூரிகளும் எடுத்துக்கொண்டன. உயிரியலைப் பொறியியல் கண்ணால் பார்ப்பவர்களுக்கு, செயற்கை உயிரியலுக்கான ஐஜெம் போட்டி. 2003இல் எம்ஐடியில் ஒரு பாடமாக ஆரம்பித்து, 2004இல் ஐந்து குழுக்களோடு போட்டியாக மாறியது. இப்போது உலகம் முழுவதிலிருந்தும் மாணவர் குழுக்கள் வருகின்றன. வெளிநாட்டுக் கோடைகாலத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் முன் தகுதி விதியை முதலில் படியுங்கள். உதாரணமாக, அமெரிக்க அரசு இளநிலை மாணவர்களின் ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தரும் ஆர்இயூ உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களுக்கும்தான். அது தெரியாமல் மூன்று கட்டுரை எழுதி அனுப்பிவிட்டு நொந்துபோனவர்கள் உண்டு.

“பதினஞ்சு பேராசிரியருக்கு மெயில் போட்டேன். ஒருத்தர்கூடப் பதில் போடல.”

அந்தப் பதினைந்து மெயிலும் ஒன்றேதானே? “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம்” என்று தொடங்கி, அம்மையார் இருக்க வேண்டிய இடத்தில் ஐயா இருந்ததையும் மாற்றாமல் அனுப்பியிருப்பீர்கள். எனக்கே அப்படி வந்திருக்கிறது.

பதில் கிடைத்த மெயில் ஒன்றின் சாரத்தைத் தருகிறேன். எழுதியவர் மூன்றாம் வருட மெக்கானிக்கல். சர்க்கரை நோயாளிகளின் பாத அழுத்தத்தை அளக்கும் செருப்பு உள்தாள் பற்றி எங்கள் குழு எழுதிய கட்டுரையைப் படித்திருந்தார். “சூடு ஏறினால் சென்சார் அளவு விலகுகிறது என்று நான்காம் படத்தில் இருக்கிறது. பாதத்தின் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காதே; ஒரே திருத்தத்தை எல்லாச் சென்சாருக்கும் போட்டால் போதுமா? வெப்பக் கடத்தல் கணக்கு எனக்கு வரும். வாரத்துக்கு எட்டு மணி நேரம் தர முடியும். உங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து கேட்கலாமா?” அவ்வளவுதான், ஆறேழு வரி. கேள்வி முழுக்கச் சரியும் இல்லை. ஆனால் படம் நான்கு வரை படித்திருந்தார், தன்னால் என்ன முடியும் என்று சொன்னார், கேட்டதும் மறுக்க முடியாத அளவுக்குச் சின்ன உதவி. பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் வராவிட்டால் மேலே சொன்ன பிஎச்டி அண்ணன் அக்கா வழிதான்.

“எனக்கு ரெண்டு அரியர் இருக்கு. எடுப்பாங்களா?”

கிரெடிட்டோ உதவித்தொகையோ தரும் முறையான திட்டங்களில் மதிப்பெண் வரம்பு இருக்கலாம். அங்கே வாதாடிப் பயனில்லை. தனி லேபில் பேராசிரியர் பார்ப்பது வேறு: வருகிறேன் என்ற நாளில் வந்தீர்களா என்பதை. என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் அந்த இரண்டையும் முதலில் முடித்துவிட்டு வாருங்கள். லேப் எங்கும் போய்விடாது. அரியரை மறைத்துச் சேர்ந்து, தேர்வு நேரத்தில் சொல்லாமல் காணாமல் போனவரை யாரும் திரும்பச் சேர்த்துக்கொண்டதில்லை.

“காசு கிடைக்குமா, இல்ல கிரெடிட்டா, இல்ல சும்மா வேலையா?”

மூன்றும் உண்டு, சேரும் முன்பே எது என்று கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒரு செமஸ்டர் வரை கற்றுக்கொள்வதற்காகச் சும்மா செய்யலாம். அதற்குப் பிறகும் வாரம் பதினைந்து மணி நேரம் உங்களை நம்பி ஒரு ப்ராஜெக்ட் ஓடுகிறது என்றால் கிரெடிட்டோ ஊதியமோ இல்லாமல் தொடர்வது நியாயமில்லை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் “இதைப் பாடமாகப் பதிவு செய்ய வழி இருக்கா?” என்று கேளுங்கள். இன்னொன்று: வேறு துறையில் செய்த வேலைக்கு உங்கள் துறை கிரெடிட் தருமா என்பது உங்கள் துறைத் தலைவர் கையில் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு போய் நின்றால் “முன்னாடியே ஏன் கேக்கல?” என்பார். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. டேட்டாவுக்கு லேபிள் போடறதுதான் வேலை. இதுவா ஆராய்ச்சி?”

இதுவும்தான். மெயில் அனுப்பிய அந்த மெக்கானிக்கல் மாணவருக்கு முதல் வேலையாக நாங்கள் கொடுத்தது இதே மாதிரி ஒன்று. உள்தாள் சென்சாரின் பதிவுகளைத் திரையில் ஓடவிட்டு, நல்ல பகுதி, கெட்ட பகுதி என்று பிரிக்க வேண்டும். மூன்றாவது வாரம் என்னிடம் வந்தார். “மேடம், இந்தக் கெட்ட பகுதி எல்லாம் பதினேழு பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது. நடக்கறவங்களால வரல.” சென்சாரை நேரடியாகத் திரையில் ஓடவிட்டு, இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தோம். சரியாக அந்த நேரத்தில் மூலையில் இருந்த ஃபிரீசரின் கம்ப்ரசர் ‘டக்’ என்று ஓடத் தொடங்கியது, திரையில் கோடு துள்ளியது. ஒரே பிளக் வரிசையில் ஃபிரீசரும் எங்கள் சென்சார் கருவியும் செருகியிருந்தன. அத்தனை மாதம் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எல்லா லேபிள் வேலையிலும் இப்படி ஒன்று மாட்டும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செமஸ்டர் முழுக்க அதையே செய்தும், கூட்டத்துக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை, ஏன் செய்கிறோம் என்று ஒருவரும் விளக்கவில்லை என்றால் அது கற்றல் இல்லை. அப்போது கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

“மீட்டிங்ல எல்லாரும் தெரிஞ்ச வார்த்தைதான் பேசறாங்க. ஆனா ஒண்ணும் புரியல.”

பல்துறை வேலையில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்கு வந்ததில்லை. தெரியாத சொல் வந்தால் கேட்டுவிடுவீர்கள். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வரும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் யாருக்கும் சந்தேகமே வராது.

எங்கள் கூட்டத்தில் ஒரு நாள் அந்த மாணவர் “சென்சிட்டிவிட்டியை ரெண்டு மடங்கு ஆக்கிட்டேன்” என்றார். மருத்துவர் முகம் மலர்ந்துவிட்டது. “அருமை. அப்போ கால்ல புண் வரப்போற நோயாளியில எத்தனை பேரை இது பிடிக்குது?” மாணவர் விழித்தார். அவர் சொன்னது, அழுத்தம் ஓர் அலகு மாறினால் மின்னழுத்தம் எவ்வளவு மாறும் என்பது. மருத்துவர் கேட்டது, உண்மையில் நோய் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது. இரண்டுக்கும் பெயர் சென்சிட்டிவிட்டிதான். இரண்டும் பாடநூலில் இருப்பதுதான். நல்ல வேளையாக மருத்துவர் கேட்டார். தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

இப்படி நிறைய உண்டு. கன்ட்ரோல் என்றால் நமக்குப் பின்னூட்டச் சுற்று, உயிரியலாளருக்கு ஒப்பீட்டுக் குழு. மாடல் என்றால் ஒருவருக்குச் சமன்பாடு, ஒருவருக்கு எலி. வெக்டர், செல், ஸ்ட்ரெஸ், கல்ச்சர், எல்லாமே இரட்டைப் பிறவிகள். எங்கள் லேபில் வெள்ளைப் பலகையின் ஓரத்தில் இதற்கென்று ஒரு பட்டியலே இருக்கிறது. புதிதாக வருபவர்தான் அதில் சேர்க்க வேண்டும் என்பது விதி. பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் கண்ணில் படாது.

சொல்லுக்கு மட்டுமல்ல, அலகுக்கும் இதே கதைதான். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்த அன்றே தொலைந்தது. ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் தந்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. அவர்கள் எல்லாரும் விண்வெளிப் பொறியாளர்கள், ஒரே துறை மொழி பேசியவர்கள். நீங்களோ இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்கிறீர்கள். எக்செல் தலைப்பில் அலகை எழுதாமல் கோப்பை அனுப்பாதீர்கள்.

“எனக்கு ரெண்டு கைடு. இவர் ஒண்ணு சொல்றார், அவங்க ஒண்ணு சொல்றாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?”

அவர்கள் சண்டைக்கு நீங்கள் தபால்காரர் ஆகாதீர்கள். பெரும்பாலும் இருவரும் சொல்வது அவரவர் துறையில் சரியாகவே இருக்கும். எங்கள் உள்தாள் வேலையிலேயே, மருத்துவர் “முப்பது நோயாளிக்கு உடனே மாட்டிப் பார்த்துடலாம், பெரிய வித்தியாசம் இருந்தா கரடுமுரடான அளவுலயும் தெரியும்” என்றார். இயந்திரவியல் பேராசிரியர் “அளவே விலகுது, அதை வெச்சு எடுத்த டேட்டா எதுக்கு?” என்றார். மாணவர் இரண்டு அறைக்கும் மாறி மாறி நடந்து மெலிந்துபோனார்.

இருவரையும் ஒரே அறையில், அரை மணி நேரம், ஒரு பக்கத் தாளோடு உட்கார வையுங்கள். தாளில் தீர்மானிக்க வேண்டிய ஒரே கேள்வியும் இரண்டு வழிகளுக்கும் ஆகும் நாட்களும் இருக்கட்டும். பேசி முடித்ததும் முடிவை அன்றே மெயிலில் இருவருக்கும் எழுதிவிடுங்கள். முதல் வாரத்திலேயே கேட்டுவைக்க வேண்டியது இன்னொன்று: என் மதிப்பெண்ணை யார் போடுவார்? கருத்து வேறுபாடு முற்றினால் கடைசிச் சொல் அவருடையது. மற்றவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

“என் மாடல் 98 சதவீதம் சரியா சொல்லுது. டாக்டர் ஏன் உற்சாகமே காட்டல?”

1000 பேரில் 20 பேருக்குத்தான் புண் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் பார்த்து “உங்களுக்கு ஒன்றும் வராது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒருவர் 980 பேர் விஷயத்தில் சரி. அவரும் 98 சதவீதம்தான். ஆனால் கண்டுபிடிக்க வேண்டிய 20 பேரையும் விட்டுவிட்டார். சென்சிட்டிவிட்டி பூஜ்யம், மருத்துவர் சொல்லும் அர்த்தத்தில்.

அடுத்து, பயிற்சிக்கும் சோதனைக்கும் டேட்டாவை எப்படிப் பிரித்தீர்கள்? ஒரே நோயாளி எடுத்து வைத்த இருபது அடிகளின் பதிவுகளில் பதினைந்து இங்கும் ஐந்து அங்கும் போயிருந்தால், மாடல் நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் கண்டுகொண்டது. ஆளுக்கு ஆள் பிரித்தால் எண் சரியும். சரிந்த எண்ணைக் காட்டுங்கள், அதைத்தான் மருத்துவர் நம்புவார்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. முதல் பதிலில் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் புகழ்ந்தேன். அமெரிக்க மருத்துவமனை நோயாளிகளை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் குறைவு தெரிந்தும் கருவி அதைத் தவறவிட்டது, வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுகிறது என்பது இயற்பியலாளருக்குத் தெரியாத விஷயமா? யாரை வைத்துக் கருவியைச் சரிபார்த்தோம் என்பதில்தான் கோளாறு. உங்கள் டேட்டாவில் யார் யார் இல்லை என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

“ஃபிரெண்ட்ஸ் காலில்தானே மாட்டிப் பார்க்கறேன். இதுக்கும் எதிக்ஸ் அனுமதியா?”

சென்சார் வேலை செய்கிறதா என்று உங்கள் காலிலேயே மாட்டிப் பார்ப்பது ஒன்று. நண்பர்களின் பதிவுகளைச் சேர்த்து ஆராய்ச்சி முடிவாக வெளியிடுவது வேறு. அது மனிதர்கள் மீதான ஆய்வு. 1964இன் ஹெல்சிங்கி பிரகடனத்தில் இருந்து, இப்படிப்பட்ட ஆய்வுக்குத் தனிக் குழுவின் பார்வையும் பங்கேற்பவரின் சம்மதமும் வேண்டும் என்பது படிப்படியாக உலக நடைமுறையாகிவிட்டது. எது விலக்கு, எது இல்லை என்பதை உங்கள் கல்லூரியின் குழுதான் சொல்லும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பொறியியல் மாணவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: டேட்டாவை எடுத்துவிட்டு அனுமதிக்குப் போவது. முன்தேதியிட்டு யாரும் அனுமதி தர மாட்டார்கள், எடுத்ததெல்லாம் வீண். விண்ணப்பத்துக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கருவி செய்யத் தொடங்கும் நாளிலேயே எழுத ஆரம்பியுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். நீங்கள் லேப் உதவியாளராக இருந்து, உங்கள் ஜூனியர் ஒருவரைக் கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

“பேப்பர்ல என் பேர் வருமா? வந்தா எந்த இடத்துல?”

துறைக்குத் துறை வழக்கம் மாறும், சண்டையும் அங்கேதான் தொடங்கும். மருத்துவ இதழ்கள் பலவும் பின்பற்றும் ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு) விதிப்படி நான்கும் வேண்டும்: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. சும்மா டேட்டா எடுத்துக் கொடுத்தவருக்கு அங்கே நன்றியுரைதான். கணிதத்தில் பெயர்கள் அகர வரிசையில் வரும். முதல் பெயர் என்பதற்குத் தனிப் பெருமை இல்லை. உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் லேபின் தலைவர். துகள் இயற்பியலில் ஹிக்ஸ் போசானின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் முகவரிகளும்தான்.

உங்கள் கட்டுரை எந்தத் துறை இதழுக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள், பிறகு எந்த வழக்கம் என்று கேளுங்கள். பல இதழ்கள் இப்போது கிரெடிட் என்ற 14 பங்களிப்பு வகைகளில் யார் என்ன செய்தார் என்று எழுதச் சொல்கின்றன (படிப்பில் வாங்கும் கிரெடிட் வேறு, இரட்டைப் பிறவிப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). அந்த வகைகளை வைத்து ஒரு பட்டியலை வேலை தொடங்கும்போதே போட்டுவிட்டால், முடிவில் முகம் சுளிக்க வேண்டி வராது. “இது எப்படிக் கேட்பது?” என்று தயங்குகிறவர்களுக்கு: “மேடம், இது வெளியாகும் அளவுக்கு வந்தால், ஆசிரியராக நான் என்ன செய்திருக்க வேண்டும்?” இப்படிக் கேட்ட யாரையும் நான் தவறாக நினைத்ததில்லை.

“பேடன்ட் போடலாம்னு சார் சொல்றார். அதுக்குள்ள கண்காட்சியில வெச்சுடலாமா?”

கூடாது. போஸ்டர், கண்காட்சி, யூடியூப் வீடியோ எல்லாமே வெளியீடுதான். அமெரிக்காவில் வெளியிட்டு ஓராண்டு வரை விண்ணப்பிக்க இடம் உண்டு. ஐரோப்பாவில் நீங்களே முந்திக்கொண்டு வெளியிட்டாலும் புதுமை போய்விட்டதாகத்தான் கணக்கு. விண்ணப்பம் பதிவான பிறகு வையுங்கள். உரிமை யாருக்கு என்பது கல்லூரியின் விதியைப் பொறுத்தது, இரண்டு கல்லூரிகள் சேர்ந்த வேலையில் இன்னும் சிக்கலாகும், கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

“இப்படிச் சுத்திட்டு வந்தா, எதுலயும் ஆழம் இல்லாதவன்னு வேலைக்கும் மேல்படிப்புக்கும் ஒதுக்கிட மாட்டாங்களா?”

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்தின் விண்ணப்பங்களை அலசி 2016இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, விண்ணப்பத்தில் எவ்வளவுக்கெவ்வளவு பல்துறைத் தன்மை கூடுகிறதோ அவ்வளவுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைவதைக் காட்டியது. மதிப்பிடுபவர்கள் ஒரு துறையில் உட்கார்ந்திருப்பவர்கள். இளநிலை மாணவருக்கு இது நேரடியாகப் பொருந்தாது என்றாலும் நேர்காணலில் எதிரே இருப்பவரும் அந்த ரகமாக இருக்கலாம்.

அதனால் என் யோசனை: சொந்தத் துறையில் ஒரு விஷயத்தை, யார் எங்கே குடைந்தாலும் பதில் வரும் அளவுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெக்கானிக்கல் மாணவர் நேர்காணலில் உள்தாள் பற்றிப் பேசியபோது பாதிக் கேள்வி வெப்பக் கடத்தலில்தான் வந்தது என்றார். ஜான் பார்டீன் மின்னியல் பொறியியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்துவிட்டு இயற்பியலுக்குப் போனவர். இயற்பியல் நோபலை இரண்டு முறை, 1956இலும் 1972இலும் வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு ஆழம் இல்லை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

“எனக்கு இது ஒத்து வரல. பாதியில விலகினா சாபம் விடுவாங்களா?”

விட மாட்டார்கள், சொல்லாமல் போனால்தான் கோபம் வரும். முதலில் எது ஒத்து வரவில்லை என்று பாருங்கள். வேலை அலுப்பு என்றால் லேபிள் பற்றிய கேள்வியில் சொன்ன மாதிரி ஒரு செமஸ்டர் பொறுத்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் அது சரியாகும். ஆனால் டேட்டாவைத் திருத்தச் சொல்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள், ராத்திரி தனியாக ரசாயனத்தோடு வேலை செய்யச் சொல்கிறார்கள் என்றால் பொறுக்க ஒன்றுமில்லை. அன்றைக்கே வெளியே வாருங்கள், துறையில் நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி, இரண்டு வாரம் முன்னால் நேரில் சொல்லிவிட்டு, கையில் இருப்பதை ஒப்படையுங்கள்: லேப் நோட்டு, மூல டேட்டா இருக்கும் இடம், கோட் எப்படி ஓட வேண்டும் என்று ஒரு பக்கம், எந்தப் பெட்டியில் எந்தச் சென்சார், எது பழுது. எங்களிடம் இருந்து போன ஒரு மாணவி விட்டுச்சென்ற நோட்டில் கடைசி வரி: “மூணாவது சென்சாரை நம்பாதீங்க, நாலாவது தடவை சால்டர் பண்ணது.” இன்றைக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது முதலில் மூணாவதைத்தான் கழற்றி ஓரமாக வைக்கிறோம்.